குறை கேமிலா, கம்ப்யூட்டரிலா?
வாசகர் கேள்வி பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, பெரிய கேம்களைப் போட்டுப் பார்த்த சேலம், ஏற்காடு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. "இந்த கேம் சரியில்லை" என்றுதான் பல கடிதங்கள் தொடங்குகின்றன. சிலவற்றில் அது உண்மை. மற்றவற்றில் குறை மானிட்டர் கேபிளில் இருக்கிறது, வீட்டு எர்த்தில் இருக்கிறது, தறிப் பஞ்சில்கூட இருக்கிறது.

கே: ரைசன் 5 5600, 16 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 4060, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்தேன். சைபர்பங்க் 2077 படம் அழகாக வருகிறது. ஆனால் நண்பன் வீட்டில் பார்த்த வழுவழுப்பு இல்லை. இந்த கேம் அப்படித்தானா?
பொறியியல் மாணவர், அஸ்தம்பட்டி

ப: அப்படி இல்லை. 1080பி அளவில் இந்த கேமை ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் முறை) இல்லாமல் விநாடிக்கு 60 ஃபிரேமுக்கு, அதாவது 60 படத்துக்கு மேல் ஓட்ட உங்கள் கார்டால் தாராளமாக முடியும். வழியில் எங்கோ அடைபட்டு நிற்கிறது. கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் மானிட்டர். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டினாலும் விண்டோஸ் பெரும்பாலும் 60-லேயே தொடங்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை (விநாடிக்குத் திரை எத்தனை முறை மாறுகிறது என்ற எண்) 144 ஆக்குங்கள். அந்தப் பட்டியலில் 144 இல்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பழைய செட்டாப் பாக்ஸோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டியிருப்பார்கள். மானிட்டர் பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே போடுங்கள். கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 5600-க்கு உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது என்பதால் மதர்போர்டில் செருகினால் உங்களுக்குப் படமே வராது, உடனே தெரிந்துவிடும். ரைசன் 7600, இன்டெல் 12400 வைத்திருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

அடுத்து ரேம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். 3200 என்று பெட்டியில் எழுதிய ரேம் அங்கே 2133 அல்லது 2666 என்று காட்டினால் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பி (சில போர்டுகளில் டிஓசிபி) என்பதை ஆன் செய்து சேமியுங்கள். படம் வராமல் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று முறை தானே முயன்று பழைய வேகத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டின் காசு பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

16 ஜிபி ஒரே பட்டையாக இருக்கிறதா, 8 ஜிபியில் இரண்டா? ஒற்றைப் பட்டை என்றால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே பாதை பாதி அகலம்தான். சைபர்பங்கில் கூட்டம் நிறைந்த சந்தையில் நடக்கும்போது ஃபிரேம் சடாரென்று இறங்குவதற்கு இது பெரிய காரணம். இரண்டு பட்டை இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். முதல் இரண்டில் அடுத்தடுத்து மாட்டினால் பெரும்பாலான போர்டுகளில் ஒற்றைப் பட்டை வைத்தது போலத்தான்.

இதற்குப் பிறகுதான் கேம் செட்டிங்ஸ். ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷனை சைக்கோ என்ற உச்ச அளவிலிருந்து ஹைக்கு இறக்குங்கள், தரையின் பளபளப்பில் வித்தியாசம் கண்ணுக்குப் படாது, வேகத்தில் படும். கிரவுட் டென்சிட்டி மீடியம் போதும், அது பிராசஸரின் சுமை. ரே டிரேசிங்கின் உச்ச வடிவமான பாத் டிரேசிங்கை இந்தக் கார்டில் ஒரு முறை அழகு பார்க்கலாம், விளையாட முடியாது. கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். 2023-க்குப் பிறகு இந்த கேமுக்கு எஸ்எஸ்டி குறைந்தபட்சத் தேவையாகிவிட்டது. ஹார்டு டிஸ்கில் வைத்துக் காரை வேகமாக ஓட்டினால் தெரு வந்து சேர்வதற்குள் கார் போய்விடும்.

கடைசியாக, அளக்கும் முறை. சராசரி ஃபிரேமை மட்டும் பார்க்காதீர்கள். 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி விநாடி. சராசரி 80 காட்டினாலும் நடுவே ஒரு படம் 50 மில்லி விநாடி எடுத்தால் அந்த ஒன்றைக் கண் பிடித்துவிடும். அளக்கும் மென்பொருளில் "1% லோ" என்று ஒரு எண் வரும், மிக மெதுவான 1% படங்களின் வேகம் அது. அது சராசரிக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரில் ஃப்ரீசிங்க் (திரையும் கார்டும் ஒரே தாளத்தில் ஓடும் வசதி) இருந்தால் அதை ஆன் செய்து, என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கையும் ஆன் செய்து, ஃபிரேம் உச்சவரம்பை 141-இல் நிறுத்துங்கள். நண்பர் வீட்டில் பார்த்த வழுவழுப்பு பெரும்பாலும் இதுதான்.

கே: வீட்டை ஒட்டியே விசைத்தறி. கம்ப்யூட்டர் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஃபேன் கத்தி, குதிரை நகர மறுக்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?
இளம்பிள்ளை வாசகர்

ப: கெடவில்லை, மூச்சு முட்டுகிறது. இருபது நிமிடம் கழித்து வரும் கோளாறு பெரும்பாலும் சூட்டையே காட்டும். கேம் ஓடும்போது கார்டின் வெப்பத்தைப் பாருங்கள். 4060 வகைக் கார்டுகள் 83 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ரைசன் 5 5600-க்கு எல்லை 90. அறை எவ்வளவு சூடோ அவ்வளவும் கார்டின் சூட்டில் அப்படியே கூடும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 68 காட்டிய கார்டு, சித்திரையில் 38 டிகிரி அறையில் 80 காட்டும். அதற்கு மேல் பஞ்சும் சேர்ந்தால் தாங்காது.

தறிப் பஞ்சு சாதாரண வீட்டுத் தூசு மாதிரி இல்லை. தூசு பொடியாக உட்காரும், ஊதினால் பறக்கும். பஞ்சு இழை இழையாகப் பின்னி, ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் ஒரு திரையை நெய்துவிடும். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் அந்த இழையில் இருக்கும். மழைக்கால ஈரத்தில் அது பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும். திரை உள்பக்கம் இருப்பதால் கண்ணில் படாது. அதனால்தான் "மேலே ஊதிப் பார்த்தேன், குறையவில்லை" என்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டை வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோங்கள், தறிக் கூடத்தில் வைத்துத் திறக்காதீர்கள். பிராசஸர் கூலரில் ஃபேனை மட்டும் கிளிப்பையோ திருகையோ எடுத்துத் தனியே கழற்றுங்கள். அடியில் உள்ள அலுமினியக் கட்டியைத் தொட வேண்டாம். தகட்டின் மேல் படிந்த பஞ்சுத் திரையைச் சாமணத்தால் ஓரத்தில் பிடித்து உரித்தால் ஒரே துணியாகவே வரும். மீதியைப் பெயிண்ட் அடிக்கும் மிருதுவான ஒரு அங்குல பிரஷ்ஷால் தட்டி, ஒரு அடி தள்ளி நின்று புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் போகும். கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே முறைதான். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும். வெளிக் கம்பிவலை வழியாக ஊதினால் போதும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கை போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், உராய்வில் நிலைமின்னேற்றம் உண்டாகும்.

அலுமினியக் கட்டியையே கழற்ற நேர்ந்தால் ஒரு எச்சரிக்கை. ரைசன் 5 5600 போன்றவை உட்காரும் ஏஎம்4 போர்டில், வெப்பத்தைக் கடத்த வைத்த பேஸ்ட் காய்ந்து பிராசஸரைப் பிடித்துக்கொண்டு, கூலரை இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் வளைந்தால் செலவு பெரிது. பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, உடனே கூலரை இடம் வலமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

இனி பஞ்சு உள்ளே போகாமல் தடுப்பது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்று வையுங்கள். வெளியேறுவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகப் பஞ்சு நுழையாது, முன்வலையிலேயே தங்கும். அந்த வலையை வாரம் ஒரு முறை கழற்றி உதறுங்கள். கேபினட் தரையில் வேண்டாம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். ரெட் டெட்டில் 60 ஃபிரேமுக்கு உச்சவரம்பு போட்டால் கார்டு தேவையில்லாமல் முழு மூச்சில் ஓடாது, பல டிகிரி குறையும். ஓரங்களின் பிசிறை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ என்பதை ஆஃப் செய்துவிடுங்கள். இந்த கேமில் அவ்வளவு சுமை வேறெதிலும் இல்லை.

கே: பிளாக் மித்: வூகோங் புது இடத்துக்குப் போகும்போதெல்லாம் விக்குகிறது. அதே இடத்துக்குத் திரும்பப் போனால் விக்கவில்லை. ஏன்?
குகை வாசகர்

ப: கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு பொருளையும் வரைய ஷேடர் என்ற சிறு நிரல் தேவை. அது உங்கள் கார்டுக்கும், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் ஏற்ப உங்கள் கம்ப்யூட்டரிலேயே தயாராக வேண்டும். முன்கூட்டியே தயாராகாதது ஆட்டத்தின் நடுவே தயாராகும்போது ஒரு விக்கல். இரண்டாம் முறை அது டிஸ்கில் சேமித்ததிலிருந்து வருவதால் விக்கல் இல்லை.

தொடக்கத்தில் ஷேடர் தயாராகிறது என்று ஒரு பட்டை ஓடும். பொறுமை இழந்து அதைத் தவிர்த்துவிடாதீர்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் அளவை 10 ஜிபி ஆக்குங்கள். டிரைவரைப் புதுப்பித்தால் சேமித்ததெல்லாம் அழிந்து, முதலிலிருந்து தயாராகும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேமின் நடுவே வாரம் ஒரு டிரைவர் மாற்றுவது நல்லதல்ல. 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 கேமிலும் இந்தக் காத்திருப்பு நீளம்தான், சாதாரண பிராசஸரில் டீ குடித்துவிட்டு வரலாம்.

வூகோங்கைப் பற்றிக் கருத்தும் கேட்டிருந்தீர்கள். சண்டை அருமை, நாயகன் ஏந்தும் கோலின் எடை கையில் தெரிகிறது. பார்க்கத் திறந்த வெளிபோல் இருந்து, நடந்தால் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டுவது இதன் உண்மையான குறை, அதற்கு உங்கள் கம்ப்யூட்டர் பொறுப்பில்லை. சினிமாட்டிக் அளவு வேண்டாம். ஹை வைத்து டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியா வசதி) குவாலிட்டி போடுங்கள். வாங்க நினைப்பவர்களுக்கு: இதன் பெஞ்ச்மார்க் ஸ்டீமில் இலவசம். முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

எல்டன் ரிங்கும் விக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது 60 ஃபிரேமுக்கு மேல் போகவே போகாது, கேமிலேயே பூட்டியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அப்படித்தான்.

கே: ஃபிரேம் ஜெனரேஷன் போட்டால் 45-இலிருந்து 80 காட்டுகிறது. ஆனால் மவுஸ் சேற்றில் இழுப்பதுபோல் இருக்கிறது.
ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

ப: உங்கள் கை உணர்வது சரி. ஃபிரேம் ஜெனரேஷன் என்பது கார்டே படங்களை உண்டாக்கி நடுவில் செருகுவது. அந்தப் படங்கள் கண்ணுக்கு மட்டும்தான். உங்கள் கை அசைவைக் கேம் படிப்பது பழைய வேகத்திலேயே, இன்னும் சொன்னால் சற்றுத் தாமதமாக. அடிப்படை வேகம் 60-ஐத் தொட்ட பிறகே அதைப் போடுங்கள். முதலில் ரே டிரேசிங்கை அணைத்து, டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி வைத்து 60-க்குக் கொண்டுவாருங்கள். 1080பி திரையில் பெர்ஃபார்மன்ஸுக்கு இறங்காதீர்கள். குவாலிட்டியில் உள்ளே 720பியில் வரைந்து பெரிதாக்குகிறது. பெர்ஃபார்மன்ஸில் வெறும் 540பி, மர இலைகளும் மின்கம்பிகளும் நெளியும். சுடும் போட்டிகளில் ஃபிரேம் ஜெனரேஷன் வேண்டவே வேண்டாம்.

கே: மகனுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தோம். விளையாடும்போது கேபினட்டில் கால் பட்டால் சுருக்கென்று கரண்ட் அடிக்கிறது என்கிறான். கடையில் "எல்லா கம்ப்யூட்டரிலும் லேசாக அடிக்கும்" என்றார்கள். உண்மையா?
இல்லத்தரசி, சூரமங்கலம்

ப: அம்மா, இன்றே கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். எர்த் சரியாக உள்ள வீட்டில் கேபினட் ஒருபோதும் அடிக்காது.

நடப்பது இதுதான். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு வரும். அங்கிருந்து எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டிய மிகச் சிறு மின்னோட்டம், எர்த் இல்லாவிட்டால் உடலிலேயே நிற்கும். மீட்டரில் பார்த்தால் 230-இல் பாதி, ஏறக்குறைய 110 வோல்ட் காட்டும். மின்னோட்டம் குறைவு என்பதால் இப்போது சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே ஒரு வயர் உடலைத் தொட்டுவிட்டால் முழு 230-உம் அதே கேபினட்டில் வரும். தடுக்க எதுவும் இருக்காது.

முதலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பாருங்கள். மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயரே இணைத்திருக்க மாட்டார்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் கட்டை நடுவில் இருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லுங்கள், டெஸ்டர் மட்டும் போதாது. சுவர் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஃபேஸ்–எர்த் எண் குறைவாகவோ ஊசலாடிக்கொண்டோ இருந்தால் எர்த் அறுந்திருக்கிறது. கோடையில் நம் பக்கத்துப் பாறை நிலத்தில் எர்த் குழி காய்ந்து வேலை செய்யாமல் போவது சகஜம். குழியில் தண்ணீர் ஊற்றி மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அனுமதிக்காதீர்கள். வேலை முடிந்தால் சரி என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். என்றாவது நியூட்ரல் அறுந்தால் கம்ப்யூட்டர் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டைவிட மிக மலிவு. எர்த் சரியாகும்வரை டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்ட வேண்டாம். இரண்டு உடல்களுக்கும் நடுவே உள்ள வோல்ட்டேஜ் பொறியாகப் பாய்ந்து அந்தப் போர்ட்டையே எரித்துவிடும்.

கே: எங்களுக்கு ஏற்காட்டில் நெட் வேகம் குறைவு. 130 ஜிபி கேமை எப்படி இறக்குவது? பனியும் ஈரமும் கம்ப்யூட்டரைக் கெடுக்குமா?
காபித் தோட்டக் குடும்பம், ஏற்காடு

ப: கணக்குப் போட்டுப் பார்த்தால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 130 ஜிபிக்கு மூன்று மணி நேரம், 40-இல் ஏழு மணி நேரத்துக்கு மேல், 10-இல் ஒரு நாளுக்கும் மேல். சேலத்தில் உறவினர் வீட்டில் அதே கேம் இருந்தால் எளிய வழி உண்டு. அவர்கள் கம்ப்யூட்டரில் ஸ்டீம்ஆப்ஸ், காமன் என்ற ஃபோல்டருக்குள் கேமின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை வெளி எஸ்எஸ்டியில் நகல் எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் ஒட்டி, பிறகு உங்கள் கணக்கில் இன்ஸ்டால் அழுத்துங்கள். ஸ்டீம் இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, விட்டுப்போனதை மட்டும் இறக்கும். கேமை உங்கள் கணக்கிலும் வாங்கியிருக்க வேண்டும். டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

ஈரத்தைப் பற்றி. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால் அதில் நீர் படியாது. வாரக்கணக்கில் அணைத்துவைத்து, ஜன்னலைத் திறந்து மூடுபனியை உள்ளே விடுவதுதான் ஆபத்து. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். கீழே சேலத்துக்குக் கொண்டுபோகும்போது கவனம் தேவை. குளிர்ந்த இரும்பு வெதுவெதுப்பான ஈரக்காற்றைத் தொட்டால், குளிர்ந்த சொம்பின் வெளியே முத்து முத்தாக நீர் அரும்புவதுபோல் போர்டிலும் அரும்பும். போய்ச் சேர்ந்ததும் மூன்று மணி நேரம் கழித்தே ஆன் செய்யுங்கள். சேலத்திலிருந்து மேலே வரும்போது இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கிராபிக்ஸ் கார்டு தொங்கிக்கொண்டு ஆடினால் ஸ்லாட் விரியும். கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள். முடியாவிட்டால் மதர்போர்டு தரைக்கு இணையாக இருக்கும்படி கேபினட்டைப் படுக்கவைத்துக் கொண்டுவாருங்கள்.

உங்கள் ஊரில் பனியைவிட இடிதான் எதிரி. இடி கேட்டால் பவர் பிளக்கோடு லேன் வயரையும் பிடுங்குங்கள். ஃபைபர் இழையில் மின்சாரம் வராது, ஆனால் ஃபைபர் வந்து சேரும் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் செம்பு வயரில் வரும்.

கே: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் விளக்கு அணையவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.
கொண்டலாம்பட்டி வாசகர்

ப: இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், அல்லது மெனுவில் யூபிஎஸ் மோட் என்று இருக்கும். அதற்கு மாற்றுங்கள். சாதாரண மோடில் பேட்டரிக்கு மாற 40 மில்லி விநாடிவரை எடுக்கும். எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது 16 மில்லி விநாடி அளவுதான். யூபிஎஸ் மோடில் 10-க்குள் மாறிவிடும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், ஸ்கொயர் வேவ் என்றால் எஸ்எம்பிஎஸ் முனகும். தனி 600 விஏ யூபிஎஸ் வாங்கினால் அது ஏறக்குறைய 360 வாட் தாங்கும். ஆனால் கேம் ஓடும்போது சில நிமிடம்தான், சேவ் செய்து அணைக்க மட்டும்.

கே: 8 ஜிபி கார்டு போதுமா? இண்டியானா ஜோன்ஸ் கேம் திடீரென்று 10 ஃபிரேமுக்கு இறங்குகிறது.
செவ்வாய்ப்பேட்டை வாசகர்

ப: 1080பியில் இன்னும் போதும், நீங்கள் டெக்ஸ்ச்சரில் (சுவர், முகம் போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்கள்) பேராசைப்படாதவரை. 2024 டிசம்பரில் வந்த அந்த கேமில் டெக்ஸ்ச்சர் பூல் சைஸ் என்று ஒன்று உண்டு. அதை லோ அல்லது மீடியம் ஆக்குங்கள், மற்றதைத் தொடாதீர்கள். கார்டின் நினைவகம் நிரம்பினால் மீதியை ரேமிலிருந்து இழுக்க வேண்டும். 4060 மதர்போர்டோடு எட்டுப் பாதைகளில் மட்டும் பேசும் கார்டு. பி450, ஏ520 போன்ற போர்டுகளில் அந்தப் பாதையின் வேகமும் பாதி. அதனால்தான் சறுக்கல் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. சில கேம்கள் வேகத்தை இறக்காமல் சுவரையும் முகத்தையும் களிமண்போல் மங்கலாகக் காட்டும். அதுவும் இதே நோய்தான். இனிமேல் வாங்குகிறவர்கள் பட்ஜெட் இடம் கொடுத்தால் 12 அல்லது 16 ஜிபி கார்டையே பாருங்கள்.

கே: கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர். தமிழ் வாசம் உள்ள கேம் ஏதாவது உண்டா?
கல்லூரி மாணவி, ஓமலூர்

ப: வெண்பா. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதி, அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரின் கதை, சமையல் வழியாக நகர்கிறது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து மங்கியிருக்கும், விட்டுப்போன படியை நீங்கள் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற இடத்தில் வெளிநாட்டார் யோசித்து நிற்பார்கள், நம் வீட்டுப் பிள்ளைகள் யோசிக்காமல் அடுக்குவார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்னும் இரண்டு சமையல் இருந்திருக்கலாம் என்று தோன்றும், அது நியாயமான குறைதான். 2024 பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருது இதற்குக் கிடைத்தது. உங்கள் கம்ப்யூட்டரில் தடையின்றி ஓடும். கார்டு இல்லாதவர்களுக்கு ரேம்தான் கார்டின் நினைவகமும் என்பதால், ஒரு பட்டையை இரண்டாக்குவதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய முன்னேற்றம்.

கே: விண்டோஸ் 11-இல் வேலரண்ட் திறந்தால் வேன் 9001 என்று பிழை வருகிறது.
ஆத்தூர் வாசகர்

ப: டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆனில் இருக்க வேண்டும். ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் அடித்துப் பயாஸ் மோட் என்ன என்று பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றால் பயாஸில் எஃப்டிபிஎம் (ஏஎம்டி போர்டுகளில் டிபிஎம்மின் பெயர்), செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்தால் முடிந்தது. லெகசி என்றால் நேராகப் போய் சிஎஸ்எம்மை (பழைய முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்கவிடும் அமைப்பு) அணைத்துவிடாதீர்கள், விண்டோஸே திறக்காது. முக்கியமானவற்றை வெளி டிரைவில் நகலெடுத்து, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கை ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்றி, அதன் பிறகே சிஎஸ்எம்மை அணையுங்கள். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதிவையுங்கள்.

கே: பிடிக்காத கேமுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?
அம்மாப்பேட்டை வாசகர்

ப: ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கிடைக்கும். கேம் திறந்தபின் ஷேடர் தயாராகும் நேரமும் அந்த 2 மணிக்குள் சேரும். அரை மணி நேரம் அதிலேயே போனால் உங்களுக்கு மீதி ஒன்றரை மணிதான். வாங்கிய அன்றே மானிட்டர், ரேம், சூடு மூன்றையும் சரிபார்த்துவிட்டுப் பிறகு பிளேயை அழுத்துங்கள்.